கைப்பைக்குள் அடங்கும் பாதுகாப்பு

பெங்களூரு அல்சூரில் நடந்த ஒரு கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், தோழர் ஒருவரின் மகள் நம்மிடம் வந்து கேட்டார்: "மாமா, துப்பாக்கி லைசென்ஸ் வாங்க எவ்வளவு நாள் ஆகும்?" எலெக்ட்ரானிக் சிட்டியில் பின்னிரவு இரண்டு மணி வரை பணி. நிறுவனத்தின் வண்டி அவரை வீட்டு வாசலில் விடுவதில்லை. முதன்மைச் சாலையிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறது. எந்தக் கைத்துப்பாக்கி எத்தனை கிராம், எத்தனை குண்டு கொள்ளும், எது கைப்பைக்குள் அடங்கும், எதன் விசையைப் பெண்ணின் விரல் எளிதாக இழுக்கும் என்று கைப்பேசியில் ஒரு பட்டியலே வைத்திருந்தார். தேர்வுக்குப் படித்தவரின் ஒழுங்கு அதில் இருந்தது. சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று அது. அஞ்சுவதற்கு அவருக்குக் காரணம் உண்டு. ஆகவே அவருக்குச் சொல்ல வேண்டிய விடையை இந்த வாரத் தலையங்கமாகவே எழுதுகிறோம்.

முதலில் அவர் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். 2014 ஜனவரியில் கான்பூர் அரசுப் படைக்கலத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற ரிவால்வரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. டைட்டானியம் கலப்பு உலோகம், அரைக் கிலோ எடை, பெண்களின் கைப்பைக்கு ஏற்றது என்ற விளம்பரம். 2012 டிசம்பரில் தில்லிப் பேருந்தில் சிதைக்கப்பட்ட மாணவிக்கு நாடு சூட்டிய பெயரின் சாயல் அந்தப் பெயரில் இருந்தது தற்செயல் அன்று. ஒரு பெண்ணின் மரணம் ஈராண்டுக்குள் விற்பனைப் பெயராயிற்று. விலை சுமார் ஒரு இலட்சத்து 22 ஆயிரம் ரூபாய். பீனியாவிலும் பொம்மனஹள்ளியிலும் ஆயத்த ஆடை தைக்கும் பெண்ணின் அன்றைய ஓராண்டு ஊதியத்தைவிட அது அதிகம். போதிய சொத்து இல்லை என்பதை மட்டுமே காரணமாகக் காட்டி ஒருவருக்கு உரிமம் மறுக்கலாகாது என்று 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 14ஆவது பிரிவு சொல்கிறது. சட்டம் தாராளமாகத்தான் இருக்கிறது. தடையை விலைச்சீட்டு பார்த்துக்கொள்கிறது.

2023 ஆகஸ்டில் 'பிரபல்' வந்தது. ஐம்பது மீட்டர் தொலைவு சுடும் என்பது அதன் பெருமை. தற்காப்புரிமை பற்றிய சட்டமோ, தடுப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யலாகாது, அரசு அதிகாரிகளின் காப்பை நாட நேரமிருந்தால் இவ்வுரிமை கிடையாது என்று வரம்பிடுகிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த இவ்வரம்புகள் புதிய நியாய சன்ஹிதையிலும் தொடர்கின்றன. ஐம்பது மீட்டருக்கு அப்பால் நிற்பவனிடமிருந்து கைப்பைத் துப்பாக்கியால் எவ்வாறு தற்காத்துக்கொள்வது என்பதை விற்பவர்களே விளக்க வேண்டும்.

மறைத்து எடுத்துச் செல்வதைப் பற்றியும் அவர் கேட்டார். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையிலோ பையிலோ முற்றிலும் மூடப்பட்டே இருக்க வேண்டும். மறைத்தல் இங்கே சலுகையன்று, கட்டாயம். பழந்தமிழில் அரையில் தெரியக் கட்டியது உடைவாள். கண்டவர் அஞ்சி விலகவே அது அங்கே தொங்கியது. கண்ணுக்குத் தெரியாத துப்பாக்கி எவரையும் முன்கூட்டி விலக்குவதில்லை. தாக்குபவன் தாக்கத் தொடங்கிய பிறகே அது வெளியே வர வேண்டும். அந்தக் கணத்தில் முந்தியிருப்பவன் அவன். (மொழிபெயர்ப்பு மேசையில் முப்பதாண்டு கழித்தவனுக்கு இன்னொன்றும் தோன்றுகிறது: தற்காப்பில் உள்ள 'காப்பு' என்ற சொல்லுக்குக் காவல் என்றும் பொருள், கைவளை என்றும் பொருள், பேச்சுவழக்கில் 'காப்பு மாட்டினார்கள்' என்றால் விலங்கு பூட்டினார்கள் என்று பொருள்.)

பெங்களூருவில் இருந்துகொண்டு இக்கேள்வியைக் கேட்பவர் ராஜராஜேஸ்வரி நகரை நினைக்காமல் இருக்க இயலாது. 2017 செப்டம்பர் 5 இரவு எட்டு மணியளவில் பத்திரிகை அலுவலகத்திலிருந்து வீடு திரும்பிய கௌரி லங்கேஷ், காரை நிறுத்தி வாயிற்கதவைத் திறந்தார். தலைக்கவசம் அணிந்தவன் நெருங்கி வந்து சுட்டான். சில நொடிகளில் எல்லாம் முடிந்தது. பயன்பட்டது 7.65 மில்லிமீட்டர் நாட்டுக் கைத்துப்பாக்கி. இராணுவத் தளவாடம் அன்று. சட்டைக்குள் மறையும் சிறு கருவி. தற்காப்புக்கென்று உரிமத்தின் பேரில் நம் அரசுத் தொழிற்சாலைகள் விற்கும் 'அசனி' என்ற .32 பிஸ்டலும் இதே அளவினதே. ஒரே குண்டின் இரு பெயர்கள் அவை. 'அசனி' என்றால் இடி. கௌரியின் கைப்பையில் அன்று ஓர் இடி இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? ஒன்றும் நேர்ந்திராது. பையின் பிடியிலும் கதவின் தாழிலும் கையிருக்கும் பெண்ணுக்கு, உறையைத் திறக்கும் நேரத்தை எந்தக் கொலைகாரனும் தருவதில்லை.

ஏனைய மூவரையும் எண்ணிப் பாருங்கள். நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் காலை நடைக்குச் சென்றபோது சுடப்பட்டார். தோழர் கோவிந்த் பன்சாரே 2015 பிப்ரவரி 16 அன்று கோலாப்பூரில், துணைவியாருடன் காலை நடை முடித்துத் திரும்புகையில் சுடப்பட்டு நான்கு நாட்களில் மறைந்தார். பேராசிரியர் எம்.எம். கல்புர்கி அதே ஆண்டு ஆகஸ்ட் 30 காலை தார்வாடில் தம் வீட்டுக் கதவருகே வீழ்த்தப்பட்டார். கல்புர்கியையும் கௌரியையும் சுட்டது ஒரே துப்பாக்கி என்று தடயவியல் ஆய்வு காட்டியதாகக் கர்நாடகச் சிறப்புப் புலனாய்வுக் குழு கூறியது. நடை, கதவு, வாசல்: மனிதர் நிராயுதபாணியாக மட்டுமல்ல, நிச்சிந்தையாகவும் இருக்கும் இடங்களையே அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதில் அவர்கள் அதிகம் மெனக்கெடவில்லை. நாட்டுத் துப்பாக்கியே போதுமானதாக இருந்தது. நேரத்தையும் இடத்தையும் தேர்ந்தெடுப்பதில்தான் மெனக்கெட்டார்கள்.

அதற்கு வேவு பார்க்க ஆள் வேண்டும், ஓட்டுவதற்கு வண்டி வேண்டும், தங்க அறை வேண்டும், சுடப் பழக ஒதுக்கிடம் வேண்டும். இவை அனைத்தையும் கொடுத்த ஒரு வலைப்பின்னலையே கௌரி வழக்கின் குற்றப்பத்திரிகை விவரிக்கிறது. திட்டமிட்ட குற்றங்களுக்கு எதிரான கர்நாடகச் சட்டத்தின்கீழ் 18 பேர் குற்றஞ்சாட்டப்பட்டனர். விசாரணை 2022 ஜூலையில்தான் தொடங்கியது. சாட்சிகளின் வரிசை நீண்டுகொண்டே போக, குற்றஞ்சாட்டப்பட்டோர் ஒவ்வொருவராகப் பிணையில் வெளிவந்தனர். பிணை சட்டப்படியான உரிமை. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் 2024 அக்டோபரில் விஜயபுராவில் அவர்களில் இருவருக்கு மாலை அணிவித்து வரவேற்பளித்ததைச் சட்டம் கேட்கவில்லை. அந்த மாலை எந்தக் கைத்துப்பாக்கியைவிடவும் ஆபத்தானது. கொலை செய்தவன் என்று குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு ஊரில் வரவேற்பு உண்டு என்று அடுத்தவனுக்கு அது கற்றுக்கொடுக்கிறது.

தோழரின் மகளுக்கு இது ஏற்புடையதாக இராது. "எனக்கு எதிரி அமைப்பு அன்று, தெருமுனையில் நிற்கும் ஒருவன்" என்பார். உண்மை அவ்வாறில்லை என்பதை அரசின் குற்றப் பதிவுகளே ஆண்டுதோறும் சொல்கின்றன. பதிவாகும் வன்புணர்வு வழக்குகளில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப்படுபவர் அறிமுகமானவர்: உறவினர், அண்டைவீட்டார், காதலர், மேலாளர். துப்பாக்கி வாங்கும் குடும்பம் அதை அவர்கள் நடமாடும் வீட்டிலேயே வைக்கிறது. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்த குண்டு, தெருவில் பதுங்கியிருந்த அந்நியனுடையதன்று. பேச வந்த சக நடிகருடையது.

மறைத்து ஏந்துவதை உரிமையாகக் கொண்டாடும் அமெரிக்காவையும் பார்க்கலாம். 2022 ஜூனில் அந்நாட்டு உச்சநீதிமன்றம், தகுந்த காரணம் காட்டினால்தான் வெளியில் துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்ற நியூயார்க் சட்டத்தை இரத்துச் செய்தது. அதே ஆண்டில் அங்கே துப்பாக்கியால் மாண்டவர் 48,000க்கும் மேல். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். எதிரிக்காக வாங்கி வைத்தது, மனம் உடைந்த ஓரிரவில் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

இதனால் நாம் ஆயுதத்தையே பாவம் என்று கருதும் துறவிகள் என்று எவரும் எண்ண வேண்டாம். 1878இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியரை உரிமத்துக்குக் கையேந்த வைத்தது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. அந்த அவமானத்தின் நினைவால்தான் 1931 கராச்சித் தீர்மானத்தில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இடம்பெற்றது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை அடிப்படை உரிமையாக்கக் கோரியபோது அம்பேத்கர் ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை. ஆயினும் வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995 வேறொரு வழியைத் திறந்துவைத்தன. வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளில் ஆதிக்க சாதியினரின் ஆயுத உரிமங்களை மறுஆய்வு செய்து இரத்துச் செய்யவும், தேவையெனில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு உரிமம் வழங்கவும் அவற்றின் 3ஆவது விதி வழிசெய்கிறது. இவ்விரண்டில் முதலாவதையே நாம் அழுத்திக் கேட்கிறோம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணிக்குத் துப்பாக்கிகளோடு வந்தவர்கள் நிலவுடைமையாளர்களின் ஆட்கள். எரிந்து மாண்டவர்கள் 44 பேர். 2000 மார்ச்சில் கர்நாடகத்தின் கம்பாலப்பள்ளியில் தலித்துகள் எழுவர் உயிரோடு எரிக்கப்பட்டனர். 2006இல் குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரும் விடுவிக்கப்பட்டனர். அந்த ஊர்களில் குறைவாக இருந்தது துப்பாக்கி அன்று, காவல்துறையும் நீதிமன்றமுமே.

உரிமத்தை வாரி வழங்கும் அரசு யார் கையில் வழங்குகிறது என்பதையும் கேட்க வேண்டும். 2025 மே மாதம் அசாம் அரசு, சிறுபான்மையினர் பெரும்பான்மையாக வாழும் மாவட்டங்களில் 'பூர்வகுடி' மக்களுக்கு ஆயுத உரிமம் அளிப்பதாக அறிவித்தது. அண்டைவீட்டானைக் காட்டி அச்சமூட்டி, அந்த அச்சத்துக்கு மருந்தாகத் துப்பாக்கி நீட்டும் ஏற்பாடு அது. அச்சத்தைத் தயாரிப்பவர்களும் மருந்தைத் தயாரிப்பவர்களும் நண்பர்களாக இருந்தால் வாணிபம் செழிக்கும். 2021 அக்டோபர் 1 முதல் 41 அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு கம்பெனிகளாக உடைக்கப்பட்டன. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் அவற்றுள் ஒன்று. எதிர்த்த தொழிலாளர்களின் வேலைநிறுத்த உரிமையைப் பறிக்கத் தனிச் சட்டமே இயற்றினர். மறுபுறம் குவாலியர் அருகே அதானி குழுமமும் இஸ்ரேலிய நிறுவனமும் கூட்டாகச் சிறு ஆயுதங்கள் செய்கின்றன. காசாவில் இனப்படுகொலை நடத்தும் அரசின் படைக்குத் துப்பாக்கி செய்து தரும் நிறுவனம் அது.

அப்படியானால் அரசின் துப்பாக்கியை நம்பி வீட்டில் இருங்கள் என்கிறோமா? தூத்துக்குடியில் 2018 மே 22 அன்றும், மங்களூருவில் 2019 டிசம்பர் 19 அன்றும் காவல்துறையின் துப்பாக்கி யாரை நோக்கித் திரும்பியது என்பதை நாம் மறக்கவில்லை. காவல்துறையிடம் நாம் கேட்பது மேலும் துப்பாக்கிகளை அன்று. இரவில் எரியும் தெருவிளக்கை, புகாரைப் பதிவு செய்யும் நிலையத்தை, சாட்சிக்குக் காப்பை, விரைந்த விசாரணையைக் கேட்கிறோம். இவை கைப்பைக்குள் அடங்காதவை. ஆகையால் எவரும் விளம்பரம் செய்வதில்லை.

2005 டிசம்பரில் பெங்களூருவில் அழைப்பு மையப் பெண் ஊழியர் ஒருவர், தம்மைப் பணிக்கு அழைத்துச் செல்ல வந்ததாகக் கூறிய ஓட்டுநரால் கொல்லப்பட்டார். அதன்பின் எழுந்த கொந்தளிப்பே, இரவுப் பணிக்குச் செல்லும் பெண்களின் வண்டிகளைப் பற்றிக் கேள்வி கேட்க வைத்தது. வண்டியில் காவலர் வேண்டும், பெண்ணை முதலில் ஏற்றவோ கடைசியில் இறக்கவோ கூடாது என்ற ஏற்பாடுகள் பேசப்பட்டன. 2016 ஏப்ரலில் இதே நகரத்தின் ஆயத்த ஆடைப் பெண்கள், வருங்கால வைப்பு நிதியை எடுப்பதற்கு விதித்த தடைக்கு எதிராகப் பல்லாயிரக்கணக்கில் சாலைக்கு வந்தார்கள். தலைவர்கள் அழைத்து வந்தவர்கள் அல்லர்; பல சங்கங்கள் அவர்களுக்குப் பின்னால் ஓடிவந்தன என்பதை நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டே நாட்களில் மத்திய அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது.

தோழரின் மகளிடம் அன்றிரவு நாம் கேட்டது ஒன்றுதான்: முதன்மைச் சாலையில் இறக்கிவிடப்படும் பெண்கள் அவருடைய பணிநேரத்தில் எத்தனை பேர்? அவருக்குத் தெரியவில்லை. துப்பாக்கிகளின் எடை தெரிந்திருந்தது. மறுவாரம் அவரே எண்ணிக் கொண்டுவந்தார்: பதினான்கு பேர். வீட்டு வாசல்வரை வண்டி வர வேண்டும் என்று நிறுவனத்துக்கும் தொழிலாளர் துறைக்கும் எழுதிய மனுவில் இதுவரை ஒன்பது கையெழுத்துகள் விழுந்திருக்கின்றன. மற்ற ஐவர் வேலை போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். அவர்களைப் பார்க்க இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மடிவாளாவுக்குப் போகிறார்.