சிமிழில் அடைத்த வல்லாரை

கொரிய நாட்டு முகப்பூச்சுக்களில் நம் மாணவியர்க்குப் பெருமோகம். சிமிழின்மேல் 'சிக்கா' என்று அச்சிட்டிருப்பது யாது தெரியுமா? சென்டெல்லா ஏசியாட்டிக்கா என்னும் பூண்டு. அதாவது, கோப்பாயில் நாம் சிறுக அரிந்து, தேங்காய்ப்பூவுடன் பிசைந்து, சம்பலாக உண்ணும் வல்லாரையே! பாட்டிமார் தின்றனர், பேத்திமார் பூசுகின்றனர்.

அதற்காக வல்லாரையை அரைத்து முகத்தில் அப்ப வேண்டா. சிமிழில் உள்ளது பிரித்தெடுத்த சத்து. தோலின் ஈரத்தைக் காப்பனவும் பெரும்பாலும் வேறு பொருள்களே. கிளிசரின் நீரை ஈர்த்து நிறுத்தும். 1779இல் சுவீடனில் ஷீலே என்னும் இரசாயன அறிஞர் ஒலிவெண்ணெயிலிருந்து பெற்றது அது. 1934இல் மாட்டின் கண்ணிலிருந்து பிரித்தறியப்பட்ட ஹயலூரோனிக் அமிலத்தின் தொழிலும் அதுவே. வாசலினோ நீர் வெளியேறாது மூடிக்காக்கும். ஆகவே, குளித்த ஈரம் முற்றும் உலருமுன் பூசுவதே முறை. மருந்துக்கடைக் கிளிசரினை நீர் கலந்து பூசினாலும் வறட்சி தணியும், செலவும் சொற்பம்.

அஞ்சத்தக்கது, நிறத்தை வெளுப்பிப்பதாகக் கூறும் பூச்சு. அத்தகைய சிலவற்றில் பாதரசம் உண்டு. அது தோல்வழி உட்சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாயின் கைபட்டுக் குழந்தையையும் சேரும். பெற்றோரே, செய்தவர் பெயரும் சேர்பொருள் விவரமும் இல்லாத சிமிழ் பிள்ளைகளின் மேசையில் உளதா என்று இன்றே பாருங்கள்.