பிரேக்கை மிதித்தால் இஞ்சின் நடுங்குவதேன்?

கார் நிற்கையில் இஞ்சின் நடுங்கினால், அதனைச் சிறு தொல்லையாகக் கருதுவதே எம்மவர் வழக்கம். ஐட்லிங் சரியில்லை என்று கராஜில் முறையிட்டால் ஸ்பாக் பிளக்கை மாற்றுவார்கள், திரொட்டிலைக் கழுவுவார்கள், அதற்கும் அடங்காவிடின் ஐட்லிங்கைச் சற்றுக் கூட்டி அனுப்பிவிடுவார்கள். நடுக்கம் மறைந்துவிடும். ஆனால், அது பிரேக்கை மிதிக்கும்போது மாத்திரம் தோன்றியதா என்று எவரும் கேட்பதில்லை. கேட்கப்படாத அந்தக் கேள்வி உயிருடன் சம்பந்தப்பட்டது.

பெற்றோல் காரின் பிரேக் பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையே பெரிய வட்டமான தகரக் கூடு ஒன்று உண்டு. அதுவே பிரேக் பூஸ்டர். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு அதனை இரு அறைகளாகப் பிரிக்கின்றது. இஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடம் ஒரு ஹோஸ் வழியாக இங்கு வந்து சேர்கின்றது. பெடலை மிதித்ததும் பின்னறைக்குள் வெளிக்காற்று நுழைகின்றது. இரு அறைகளின் அழுத்த வேறுபாடு எமது காலின் பலத்துக்குத் துணை நிற்கின்றது. சவ்வு கிழிந்தால் அந்தக் காற்று இஞ்சினுக்குள் ஓயாது கசியும். கணக்கில் வராத காற்றினால் எரிபொருள் கலவை மெலிந்து இஞ்சின் திணறும். சில கார்களில் மாறாக வேகம் கூடும்.

இதனைக் கண்டறியப் பணம் தேவையில்லை. சமதரையில் காரை நிறுத்தி, கியரை நியூட்ரலிலோ பார்க்கிலோ வைத்து, கைபிரேக்கை இழுத்துவிடுங்கள். இஞ்சினை அணைத்து, பெடல் இறுகும்வரை சில தடவைகள் மிதியுங்கள். காலை எடுக்காமலே ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றுக் கீழிறங்க வேண்டும். இறங்காவிடின் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்கவில்லை, அல்லது பூஸ்டரே பழுது. அடுத்து, இஞ்சின் ஓடுகையில் பெடலை மிதித்தபடியே வைத்திருங்கள். கணநேரச் சிறு மாற்றம் இயல்பானது. மிதித்திருக்கும்வரை நடுக்கம் நீடித்தாலோ, பெடலருகே காற்றுச் சீறும் ஒலி தொடர்ந்து கேட்டாலோ ஐயத்துக்கு இடமுண்டு. இறுதியாக, பூஸ்டருக்குச் செல்லும் ஹோஸை மெக்கானிக் இறுக்கிப் பிடிக்கட்டும். ஐட்லிங் சீரானால் கசிவு பூஸ்டர் பக்கத்திலேயே உள்ளது. மாறாவிடின் வேறிடத்தில் தேட வேண்டும். ஹோஸை விடுவிக்காமல் காரை நகர்த்தவே கூடாது.

டீசல் வாகனங்களில் வெற்றிடத்தைத் தனிப் பம்ப் ஒன்று தருவதாலும், பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களின் பிரேக் உதவி மின்சாரத்தில் இயங்குவதாலும் இச்சோதனை அவற்றுக்குப் பொருந்தாது.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி, 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களையே பலரும் ஒட்டுப்போட்டு ஓட்டினர். ரப்பருக்கு வயதுண்டு, சவ்வும் ஹோஸும் அதற்கு விலக்கல்ல. இந்நிலையில் ஐட்லிங்கைக் கூட்டி நடுக்கத்தை மறைப்பது, காய்ச்சல்காரனின் வெப்பமானியை உடைப்பதற்கு ஒப்பானது. போதாக்குறைக்கு, ஐட்லிங் கூடிய ஓட்டோ கியர் கார், சமிக்ஞை விளக்கருகே நிற்கும்போதும் முன்னோக்கி உந்தும். பழுதான பிரேக்குக்கு மேலும் ஒரு சுமை!

பூஸ்டர் கைவிட்டாலும் பிரேக் முற்றாக இல்லாமற் போவதில்லை. பெடல் கல்லாக இறுகும்; முழுப் பலத்துடன் மிதித்தால் கார் நிற்கும். ஆனால் கடுகண்ணாவை இறக்கத்தில் முன்னால் ஒரு பஸ் திடீரென நிற்கையில், முழங்கால் வலியுள்ள முதியவரிடமோ புதிதாக அனுமதிப்பத்திரம் பெற்ற பிள்ளையிடமோ அந்தப் பலத்தை எதிர்பார்ப்பது நியாயமா?

மறுபுறம், ஆராயாமல் பூஸ்டரை மாற்றுவதும் விவேகமன்று. ஹோஸ் வெடிப்போ, ஒருவழி வால்வின் கோளாறோ சொற்ப செலவில் தீரும். மாஸ்டர் சிலிண்டரின் பின்புறம் கசியும் பிரேக் எண்ணெயே சவ்வைக் கெடுத்திருந்தால், புதிய பூஸ்டரும் அதே கதிக்கு ஆளாகும்.

திருத்துபவரைக் குறை கூறுவதுடன் எமது கடமை முடிந்துவிடாது. விரைவில் முடித்துத் தருமாறு நெருக்குபவர்களும், சோதனைக்குக் கூலி கொடுக்கத் தயங்குபவர்களும் நாமே. அடுத்த முறை ஐட்லிங் என்று சொல்லாமல், பிரேக்கை மிதித்தால் நடுங்குகின்றது என்று சொல்லுங்கள். ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன்னரே பாதி நோயை அந்த வாக்கியம் கண்டுபிடித்துவிடும்.