தைராய்டு உள்ள கர்ப்பிணிக்கு அயோடின் மாத்திரை வேண்டுமா?

"கடலோரத்தில் இருக்கிற நமக்கெல்லாம் அயோடின் குறைச்சல் வருமா டாக்டர்?"

எங்கள் அத்திப்பட்டில் என்னை அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. உப்பளத்தையும் எண்ணூர் கழிமுகத்தையும் பார்த்தே வளர்ந்த ஜனங்கள். உப்புக்கும் மீனுக்கும் பஞ்சமில்லாத ஊரில் அயோடினுக்கு மட்டும் பஞ்சம் வருமா என்று தோன்றுவது இயல்புதானே!

ஆனால், விஷயம் அப்படி இல்லை. கடல் நீர் வெயிலில் காய்ந்து உப்பாகும்போது அதில் தங்குகிற அயோடின் மிகமிகக் கொஞ்சம். அயோடின் உப்பு என்பது, பிறகு பொட்டாசியம் அயோடேட் சேர்த்துத் தயாரிப்பது. 2018-19-ல் நாடு முழுக்க அயோடின் சர்வே நடந்தது. போதிய அயோடின் உள்ள உப்பைச் சாப்பிடும் வீடுகள், நாட்டில் 100-க்கு 76. தமிழ்நாட்டில் 62 மட்டுமே. எல்லா மாநிலங்களிலும் கடைசி இடம் நமக்குத்தான். தூத்துக்குடியும் வேதாரண்யமும் இருக்கிற மாநிலத்துக்கு இந்த நிலைமை!

சரி, அப்படியானால் கர்ப்பிணிகள் எல்லோரும் அயோடின் மாத்திரை வாங்கி விழுங்கலாமா? அங்கேதான் ஆபத்து.

போன வருஷம் ஒரு மாமியாரும் மருமகளும் என் வைத்தியசாலைக்கு வந்தார்கள். மாமியார்தான் பேசினார்.

"டாக்டர் சார், மருமவளுக்கு மூணாம் மாசம். ரெண்டு வருஷமா தைராய்டு மாத்திரை சாப்ட்டுனு இருந்துச்சு. இங்கிலீஷ் மருந்து புள்ளைக்கு ஆவாதுன்னாங்க, நிறுத்திட்டோம். அதுக்குப் பதிலா இத்தக் குடுக்கலாமா?"

மேஜைமேல் ஒரு பாட்டில். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் அனுப்பிய கடல்பாசி மாத்திரை. அயோடின் சத்து நிறைந்ததாம். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார்: "வீட்ல உப்பைக்கூட மாத்திட்டோம் சார். இப்ப இந்துப்புதான். உங்க சித்த வைத்தியத்துல நல்லதுன்றாங்களே!"

நல்ல எண்ணத்தோடு செய்த மூன்று காரியங்கள். மூன்றுமே தவறு!

மாத்திரையை நிறுத்தாதீர்கள்

தைராக்சின் மாத்திரை அந்நியப் பொருள் அல்ல. உங்கள் கழுத்துச் சுரப்பி சுரக்க வேண்டிய அதே ஹார்மோன்தான் அது. வயிற்றுப் பிள்ளையின் தைராய்டு முதல் மூன்று மாதங்களுக்கு வேலையே ஆரம்பிப்பதில்லை. அதுவரை அதன் மூளை வளர்வது தாய் கொடுக்கும் ஹார்மோனில்தான். அந்த நேரத்தில் மாத்திரையை நிறுத்தினால் கருச்சிதைவு, குறைப்பிரசவம், குழந்தையின் அறிவு வளர்ச்சியில் பாதிப்பு எல்லாம் நேரலாம். கர்ப்பத்தில் இந்த மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருப்பதுதான் வழக்கம். நாள் தள்ளிப்போனது தெரிந்ததுமே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். முதல் ஐந்து மாதங்களாவது நாலு வாரத்துக்கு ஒரு முறை டி.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனை செய்வது நல்லது.

அயோடின் மாத்திரையைச் சேர்க்காதீர்கள்

ரைஸ் மில் பழுதாகி நிற்கிறது. மில் வாசலில் மூட்டை மூட்டையாக நெல்லைக் கொட்டினால் அரிசி வந்துவிடுமா? தைராய்டு சுரப்பிதான் மில், அயோடின்தான் நெல். தைராக்சின் மாத்திரையோ அரைத்த அரிசி! தினமும் அதைச் சாப்பிடுகிறவர்கள் தனியாக அயோடின் மாத்திரை ஆரம்பிக்கத் தேவையில்லை என்றுதான் அமெரிக்க தைராய்டு சங்கம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது. தைராய்டு அதிகமாகச் சுரந்து அதற்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் இதே விதிதான்.

கடல்பாசி மாத்திரையில் அயோடின் எவ்வளவு என்பதற்கு நிதானமே கிடையாது. ஒன்றில் கொஞ்சம் இருக்கும், இன்னொன்றில் அளவுக்கு மீறி இருக்கும். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 250 மைக்ரோகிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் 500-ஐத் தாண்டினால் பிள்ளையின் பிஞ்சுச் சுரப்பி வேலை செய்யாமல் முடங்கிவிடலாம். தைராய்டு கோளாறு இல்லாத கர்ப்பிணிக்கு டாக்டரே அயோடின் சேர்ந்த சத்து மாத்திரை எழுதினால், அது வேறு விஷயம். தாராளமாகச் சாப்பிடலாம்.

"எனக்கு எப்பவோ வந்து குணமாகிடுச்சே" என்று பழைய கதையை மறைக்காதீர்கள். அதிகச் சுரப்புக்குக் காரணமான எதிர்ப்புப் பொருள்கள் ரத்தத்தில் மிச்சமிருந்தால், நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையைப் போய்ச் சேரலாம். முதல் செக்கப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்துப்பு மருந்து, சமையல் உப்பு அல்ல

சித்த மருத்துவன் நான் சொல்கிறேன். இந்துப்பு எங்கள் சூரணங்களில் சேருகிற மருந்துச் சரக்கு. அதில் அயோடின் இல்லை என்றே சொல்லலாம். குழந்தையின் சுரப்பி வேலையைத் தொடங்கிய பிறகு, அதற்கு வேண்டிய அயோடின் தாயின் சாப்பாட்டிலிருந்துதான் போக வேண்டும். ஆகவே, தைராய்டு உள்ள கர்ப்பிணி வீட்டிலும் அயோடின் உப்புதான் இருக்க வேண்டும். சட்டப்படி, நம் கைக்கு வரும் உப்பில் கிராமுக்கு 15 மைக்ரோகிராமாவது அயோடின் இருக்க வேண்டும். அதற்காக உப்பை அள்ளிப் போடாதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும்! பாலும் முட்டையும் மீனும் மிச்சத்தைக் கொடுக்கும். மூடியுள்ள ஜாடியில் அடுப்புச் சூடு படாமல் வையுங்கள். சமையல் முடிகிற நேரத்தில் உப்புப் போடுங்கள்.

என் பக்கத்துத் தவறு

மற்றவர்களைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பல வருஷங்களுக்கு முன்னால், சோகையோடு வந்த ஒரு கர்ப்பிணிக்கு அன்னபேதி செந்தூரம் கொடுத்தேன். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று கேட்கவில்லை. அவள் காலையில் தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே அதையும் சாப்பிட்டிருக்கிறாள். அன்னபேதி என்பது இரும்பு. இரும்பு, தைராக்சினை உடம்பில் சேரவிடாது. அடுத்த பரிசோதனையில் அவளுடைய டி.எஸ்.ஹெச். எகிறியிருந்தது. நல்லவேளை, சீக்கிரம் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார்கள். அன்றிலிருந்து, "வேறென்ன மருந்து சாப்பிடறீங்க?" என்று கேட்காமல் யாருக்கும் நான் சீட்டு எழுதுவதில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். சங்கு பற்பம், முத்துச்சிப்பி பற்பம் போன்ற சுண்ணாம்புச் சத்து மருந்துகளுக்கும் பொருந்தும். தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் சாப்பிடுங்கள். இவை எல்லாம் நாலு மணி நேரம் கழித்துத்தான்.

அந்த மாமியார், மருமகள் என்ன ஆனார்கள்? அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். பயந்தபடியே டி.எஸ்.ஹெச். ஏறித்தான் இருந்தது. மறுநாளே அரசு மருத்துவமனையில் மாத்திரையை மறுபடி ஆரம்பித்து, அளவையும் கூட்டினார்கள். பாட்டில் என் மேஜையிலேயே தங்கிவிட்டது. பிரசவம் சுகமாக நடந்தது. பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார் அந்த அம்மாள்.

"உங்க மருந்து ஒண்ணுமே குடுக்கலியே சார்" என்றார் சிரித்துக்கொண்டே.

கொடுக்கவில்லைதான். எப்போது கொடுக்கக் கூடாது என்று தெரிந்திருப்பதும் வைத்தியம்தானே!

தாய்மார்களே, அயோடின் சமையலறையில் இருக்கட்டும். தைராய்டு மாத்திரை தலைமாட்டில் இருக்கட்டும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள்.