கணக்கில் வராத பிள்ளைகள்

"பிந்தித்தான் பேசும், தகப்பனும் அப்படித்தானே" என்ற பேச்சை எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்! சில பிள்ளைகள் பிந்திப் பேசுவது உண்மையே. ஆனால் ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராத பிள்ளை, ஒன்றரை வயதாகியும் வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாத பிள்ளை, பேசிய ஓரிரு சொல்லையும் மறந்துவிட்ட பிள்ளை: இவர்கள் விடயத்தில் காத்திருப்பது பிழை. காது கேட்காமை காரணமாக இருக்கலாம், ஓட்டிசமாகவும் இருக்கலாம். ஓட்டிசம் என்பது மூளை வளரும் விதத்திலுள்ள வேறுபாடு. தாயின் வளர்ப்பாலோ தடுப்பூசியாலோ வருவதல்ல. செய்வினையும் அல்ல.

எமது நாட்டில் இதை எண்ணிப் பார்த்த ஆய்வொன்று 2009 இல் வெளியானது. பேராசிரியை ஹேமமாலி பெரேரா குழுவினர் அரை நகர்ப்புறச் சமூகமொன்றில் 18 முதல் 24 மாத வயதுடைய 374 பிள்ளைகளைப் பார்த்தனர். 93 பேருக்கு ஒருவர் என்று கணக்கு வந்தது. எம்மை உறுத்துவது வேறொன்று. தாய்மாரிடம் கேட்ட கேள்விப் பட்டியலில், ஓட்டிசமுள்ள நால்வரில் ஒருவரே அகப்பட்டார். மேல்நாட்டில் எழுதிய கேள்விகள். தன் பிள்ளையைக் குறை சொல்ல எந்தத் தாய்க்கு மனம் வரும்? பின்னர், 2017 இல், படங்களைக் காட்டிக் கேட்கும் முறையொன்றை அப்பேராசிரியை குழுவினர் வெளியிட்டனர். எமது தாய்மாருக்கு அதுவே பொருத்தம்.

அமெரிக்காவில் எட்டு வயதுப் பிள்ளைகளில் 2000 ஆம் ஆண்டு 150 பேருக்கு ஒருவராக இருந்த கணக்கு, 2022 இல் 31 பேருக்கு ஒருவரானது. தேடிப் பார்க்கும் கண் கூடியதே இதற்குப் பெருங்காரணம். கணக்கில் வந்த பிள்ளைக்குத்தான் ஆசிரியரைக் கேட்கலாம், பயிற்சியைக் கேட்கலாம்.

இடம்பெயர்ந்த எமக்கு இதில் தனி இடருண்டு. 1984 இல் விக்டோரியா நீர்த்தேக்கம் நிரம்பி, தெல்தெனிய நகரும் தும்பறை வயல்களும் மூழ்கியபோது நாம் இழந்தது மண்ணை மட்டுமா? ஒவ்வொரு இடப்பெயர்விலும், பிறந்தது முதல் பிள்ளையைக் கண்ட மருத்துவ மாது பழைய ஊரோடு நின்றுவிடுகிறார். புதிதாக வருபவருக்குப் பிள்ளை முன்பு என்ன பேசியதென்று தெரியாது. பிள்ளை மௌனமானால் "இடம் மாறிய ஏக்கம்" என்று நாமும் சொல்லிவிடுகிறோம். ஆகவே சாமான் கட்டும்போது காணி உறுதியோடு பிள்ளையின் கிளினிக் புத்தகத்தையும் வையுங்கள்.

பேராதனையில் சிறுவர் வைத்தியசாலை இருக்கிறதுதான். அங்கு போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். பதினெட்டாம் மாதத் தடுப்பூசிக்குப் பிள்ளையை எப்படியும் தூக்கிச் செல்கிறோம். அன்றே, அதே கிளினிக்கில், தமிழிலும் சிங்களத்திலும் படம் காட்டிக் கேட்டால் என்ன? அடுத்த கிளினிக் நாளுக்கு முன் தாய்மார் சங்கங்கள் இதைச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.