பன்னிரண்டு நிமிடமா, நாற்பது நிமிடமா?



போன மாதம் மூன்று நாள், காலை வேளையில், ஒரு நாடகப் பயிற்சி வகுப்பில் போய் உட்கார்ந்திருந்தேன். பதினாறு மாணவர்கள், ஓர் ஆசிரியை, தரையில் விரித்த ஜமுக்காளம், சுவரோரம் நாலைந்து பழைய டிரங்குப் பெட்டிகள். எடுத்துக்கொண்ட நாடகம் அந்தோன் செகாவின் 'செர்ரித் தோட்டம்'. "டீ உண்டு சார், ஆனா நடுவுல பேசக் கூடாது" என்பது எனக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. பத்திரிகைக்காரனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அங்கே வாயை மூடிக்கொண்டு சேர்த்துவைத்ததை இந்தப் பக்கத்தில் இறக்கிவைக்கிறேன்.

முதல் நாள் நாலாம் அங்கத்தைச் சத்தமாக வாசித்தார்கள். வாசிப்பு என்று பேர், பாதி ஒப்பாரி. வார்யாவாக வாசித்த பெண்ணுக்கு முதல் வசனத்திலேயே குரல் உடைந்தது. லொபாகினாக வாசித்த பையன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு பெருமூச்சு விட்டான். ஆசிரியை குறுக்கிடவே இல்லை. முடிந்ததும் செல்போனைத் திருப்பிக் காட்டினார்: 38 நிமிடம். "பரவாயில்லை, ஸ்தானிஸ்லாவ்ஸ்கியைவிட ரெண்டு நிமிஷம் கம்மி" என்றார்.

மாணவர்கள் விழித்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. 1904 மார்ச்சில் செகாவ் தன் மனைவி ஓல்கா க்னிப்பருக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. மாஸ்கோ கலை அரங்கில், ஸ்தானிஸ்லாவ்ஸ்கியின் இயக்கத்தில், 'செர்ரித் தோட்டம்' ஓடிக்கொண்டிருந்த நேரம். நாயகி ரனேவ்ஸ்கயாவாக நடித்தவரே ஓல்காதான். மிஞ்சினால் பன்னிரண்டு நிமிடத்தில் முடிய வேண்டிய அங்கத்தை நாற்பது நிமிடம் இழுக்கிறீர்கள், ஸ்தானிஸ்லாவ்ஸ்கி என் நாடகத்தைக் கெடுத்துவிட்டார் என்று அதில் பொருமுகிறார் செகாவ். பன்னிரண்டு நிமிடத்தில் அந்த அங்கத்தை முடிக்க யாராலும் ஆகாது என்பது என் எண்ணம். கோபத்தில் சொன்ன கணக்கு அது. ஆனால் கோபம் நியாயமானது.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிவிடுகிறேன். ரனேவ்ஸ்கயா ஐந்து வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டுச் சொந்தப் பண்ணைக்குத் திரும்புகிறாள். வீட்டைப் பார்த்துக்கொள்வது வளர்ப்பு மகள் வார்யா. கடனுக்காக ஆகஸ்ட் 22ஆம் தேதி பண்ணை ஏலத்துக்கு வருகிறது. லொபாகின் ஒரு வியாபாரி. அவனுடைய அப்பனும் பாட்டனும் அதே பண்ணையில் அடிமைக் குடியானவர்களாக இருந்தவர்கள். தோட்டத்தை வெட்டி, நிலத்தைப் பிளாட் போட்டு, கோடை வீடு கட்டிக்கொள்கிறவர்களுக்குக் குத்தகைக்கு விடுங்கள், கடனிலிருந்து தப்பிக்கலாம் என்று தலையால் அடித்துக்கொள்கிறான். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. கடைசியில் ஏலத்தில் அவனே வாங்கிவிடுகிறான். நாலாம் அங்கம் அக்டோபரில் நடக்கிறது. எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். அவ்வளவுதான்.

இதைச் செகாவ் 'நான்கு அங்க நகைச்சுவை நாடகம்' என்றார். ஸ்தானிஸ்லாவ்ஸ்கி படித்துவிட்டு அழுது, இது நகைச்சுவையே இல்லை, சோக நாடகம் என்று பதில் எழுதினார். அந்தத் தகராறு நூற்றிருபது வருடமாக வகுப்பறைகளில் ஒரு கட்டுரைக் கேள்வியாக உயிர் வாழ்கிறது. நானும் கல்லூரியில் அதற்கு ஏழு பக்கம் எழுதியிருக்கிறேன். பிரபுக்களின் வீழ்ச்சி, புதுப் பணக்காரரின் எழுச்சி, தோட்டம் எதன் குறியீடு என்றெல்லாம் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்த ஏழு பக்கத்தில் வார்யாவின் கையில் என்ன இருந்தது என்று ஒரு வரிகூட இல்லை.

இந்த ஆசிரியை அதிலிருந்துதான் தொடங்கினார். இரண்டாம் நாள், கரும்பலகையில் ஒரு கேள்வி: யார் கையில் என்ன இருக்கிறது? மாணவர்கள் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிச் சொல்லச் சொல்லப் பட்டியல் நீண்டது. வார்யாவின் இடுப்பில் சாவிக்கொத்து. மூன்றாம் அங்கத்தில் லொபாகின் தான் வாங்கிவிட்டதாகச் சொன்னதும், அதை அவிழ்த்துக் கூடத்தின் நடுவில் எறிந்துவிட்டுப் போகிறாள். அதற்குக் கொஞ்சம் முன்னால் அதே கையில் ஒரு தடி. குமாஸ்தா எபிகோதவை விரட்டுவதற்காக ஓங்குகிறாள். அந்த நொடி பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறவன் லொபாகின். பண்ணையின் புது முதலாளியாக அவன் வீட்டுக்குள் நுழையும்போது கிடைக்கும் முதல் வரவேற்பு, அவனுக்கே கட்டிவைக்கலாம் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் பெண்ணின் கையால் ஓர் அடி. இதை எழுதியவர் சோக நாடகம் எழுதுவதாக நினைத்திருக்க முடியுமா?

பிறகு அந்தக் காட்சிக்கு வந்தார்கள். நாலாம் அங்கத்தில், வண்டி கிளம்ப ஐந்து நிமிடமோ என்னவோ மிச்சம். வார்யாவிடம் கல்யாணத்தைக் கேட்டுவிடேன் என்று ரனேவ்ஸ்கயா சொல்ல, லொபாகினும் சரி என்கிறான். ஸ்டேஷனில் எட்டு ரூபிள் கொடுத்து வாங்கிவந்த ஷாம்பெயின்கூட இருக்கிறதே என்று கோப்பைகளைப் பார்த்தால், அவை காலி. வேலைக்காரன் யாஷா குடித்துத் தீர்த்திருக்கிறான். வார்யா உள்ளே வருகிறாள். மூட்டைகளுக்குள் எதையோ தேடுகிறாள். என்ன தேடுகிறாய் என்று அவன் கேட்க, நானேதான் கட்டிவைத்தேன், எங்கே என்று நினைவில்லை என்கிறாள். இனி எங்கே போவதாக உத்தேசம் என்கிறான். வேறொரு வீட்டுக்கு, வேலைக்கு என்கிறாள். போன வருடம் இந்நேரம் பனி விழுந்தது, இப்போது வெயில், ஆனாலும் குளிர், சுழியத்துக்குக் கீழே மூன்று டிகிரி இருக்கும் என்கிறான். நான் பார்க்கவில்லை, எங்கள் வெப்பமானிதான் உடைந்துவிட்டதே என்கிறாள். மௌனம். வெளியிலிருந்து யாரோ அவனைக் கூப்பிடுகிறார்கள். அதற்காகவே காத்திருந்தவன்போல ஓடிவிடுகிறான். வார்யா தரையில் உட்கார்ந்து, துணி மூட்டையில் தலையை வைத்து, சத்தமில்லாமல் அழுகிறாள்.

வசனத்தைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டார் ஆசிரியை. சொந்த வார்த்தையில், எழுந்து நின்று, செய்து பார்க்க வேண்டும். ஸ்தானிஸ்லாவ்ஸ்கி தன் கடைசி வருடங்களில் வந்துசேர்ந்த முறை இது: வரிகளை மனப்பாடம் செய்வதற்கு முன்னால், அந்தச் சூழ்நிலையில் இந்த ஆளுக்கு என்ன வேண்டும் என்பதை உடம்பால் தேடுவது. அவருடைய மாணவி மரியா க்னேபல் அதை அடுத்த தலைமுறை இயக்குநர்களுக்குக் கொண்டுசேர்த்தார். நாற்பது நிமிடம் இழுத்தவர் என்று திட்டு வாங்கிய மனிதரே அந்த இழுவையை அறுக்கக் கத்தியையும் செய்து கொடுத்துவிட்டுப் போனார் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

அந்தப் பெண்ணுக்கு ஆசிரியை கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. "இந்த மூட்டையில ஒரு சீப்பு இருக்கு. கண்டுபிடி. அழாதே." பையனிடம்: "வண்டிக்கு நேரமாச்சு. மரியாதையா வெளியே போக ஒரு வழி தேடு." முதல் தடவை அவள் மறுபடியும் அழுதாள். "கண்ணு, அழுகை கடைசியில எழுதியிருக்கு. அதுக்கு முன்னாடியே செலவு பண்ணிடாதே." இரண்டாம் தடவை அவள் நிஜமாகவே சீப்பைத் தேடினாள். போர்வை, கரண்டி, ஒற்றைக் காலுறை என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வெப்பமானி உடைந்த கதையைத் தலை நிமிராமலே, யாரோ உப்பு இருக்கிறதா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. பையன் ஓடினான். அவள் மூட்டையை மறுபடி கட்டப் பார்த்தாள், முடிச்சு விழவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரித்தவர்களில் ஒருவரும் அசையவில்லை.

அந்தக் காட்சிக்கு ஆன நேரம் மூன்று நிமிடத்துக்கும் குறைவு.

மூன்றாம் நாள், ரஷ்ய மொழி தெரிந்த ஒரு நண்பரை வரவழைத்திருந்தார் ஆசிரியை. மாணவர்கள் கையில் இருந்தது ஆங்கிலப் பிரதி. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே முன்னிலைதான். ரஷ்ய மொழியில் நம்மைப் போலவே 'நீ'யும் உண்டு, 'நீங்கள்' என்பதும் உண்டு. நண்பர் ஒவ்வொரு காட்சியாகச் சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டாம் அங்கத்தில் லொபாகினும் மாணவன் திரோஃபிமோவும் பெரும்பாலும் 'நீங்கள்' போட்டுக் குத்திக்காட்டிக்கொள்கிறார்கள். நாலாம் அங்கத்தில் பிரியும்போது அதே இருவர் 'நீ'க்கு வந்துவிடுகிறார்கள். கையைக் காலை ஆட்டிப் பேசாதே என்று திரோஃபிமோவ் புத்தி சொல்கிறான், உனக்குக் கலைஞனின் விரல்கள் என்கிறான். வழிச்செலவுக்குப் பணம் வேண்டுமா என்று லொபாகின் கேட்கிறான். லொபாகினும் வார்யாவுமோ கடைசி வரை 'நீங்கள்'தான். பேரோடு தந்தை பேரையும் சேர்த்துச் சொல்லும் மரியாதைதான். மேலே நான் கதை சொன்னபோது அவனை 'என்ன தேடுகிறாய்' என்று கேட்க வைத்தேன், கவனித்தீர்களா? தவறு என்னுடையது. 'என்ன தேடுறீங்க?' என்றுதான் அவன் கேட்டிருப்பான். தமிழில் மொழிபெயர்க்கிறவர்கள் ஆங்கிலத்தை மட்டும் நம்பினால் இந்தக் கல்யாணம் ஏன் நடக்கவில்லை என்பதற்கான சாட்சி ஒன்று காணாமல் போய்விடும்.

வகுப்பிலேயே குறைவாகப் பேசுகிற பையன் ஒருவன், வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலையில் இருந்தவன், அன்று கையைத் தூக்கினான். "அக்கா, முதல் அங்கத்துலயும் மூணு டிகிரிதான்." புரட்டிப் பார்த்தோம். மே மாதம், செர்ரி மரங்கள் பூத்து நிற்கின்றன, உறைபனி மூன்று டிகிரி என்கிறான் எபிகோதவ். பூக்கும்போதும் மூன்று, வெட்டும்போதும் மூன்று. யாரும் அதற்கு விளக்கம் சொல்லவில்லை. ஆசிரியை பையனுக்கு ஒரு டீ சொன்னார்.

செகாவின் சிரிப்பு எந்த ரகம் என்பதற்கு ஒரு சம்பவம். நாடகம் முதலில் அரங்கேறியது பழைய ரஷ்ய நாள்காட்டிப்படி 1904 ஜனவரி 17. அவருடைய 44ஆவது பிறந்தநாள். காசநோய் முற்றி, நிற்கவே சிரமப்பட்டவரை இடைவேளையில் மேடையேற்றிப் பாராட்டுரைகள் வாசித்தார்கள். நாடகத்தில் ரனேவ்ஸ்கயாவின் சகோதரன் கயேவ் ஒரு பழைய புத்தக அலமாரியைப் பார்த்து, மரியாதைக்குரிய அலமாரியே என்று சொற்பொழிவு ஆற்றுவான். பாராட்ட வந்த ஒருவர் கிட்டத்தட்ட அதே தொனியில் ஆரம்பித்திருக்கிறார். கயேவாக நடித்தவர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி. கூட்டத்தில் செகாவின் கண் தன்னைத் தேடிப் பிடித்தது, உதட்டில் ஒரு குறுஞ்சிரிப்பு ஓடியது என்று பின்னாளில் அவரே நினைவுகூர்ந்தார். ஆறு மாதத்துக்குள் செகாவ் இறந்துபோனார்.

மாஸ்கோவில் அச்சாகி வந்த முன்னேற்றப் பதிப்பகத் தமிழ்ப் புத்தகங்களில் வளர்ந்த தலைமுறைக்குச் செகாவ் என்றால் சிறுகதைதான். நாடகங்களை நாம் அலமாரியிலேயே மரியாதையாக வைத்துவிட்டோம். ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டிலோ வகுப்பிலோ ஏழெட்டுப் பேர் சேர்ந்து, நாலாம் அங்கத்தை மட்டும் எழுந்து நின்று வாசியுங்கள். ஆங்கிலமோ தமிழோ, கிடைத்த பிரதி போதும். பக்கத்தில் ஒரு கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள். அழுகையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போடுங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்