கோட்டைமேட்டில் கோட்டை எங்கே?

கோட்டை என்றதும் மலையும் மதிலும்தான் ஞாபகம் வரும். பரமக்குடியைத் தாண்டி ஓடும் வைகையின் முகத்துவாரத்துக்கு அருகே, அழகன்குளத்தில் இருக்கும் ‘கோட்டைமேடு’ பார்க்க வெறும் மண்மேடுதான். ஆனால் 1980-களில் தொடங்கி மாநிலத் தொல்லியல் துறை அங்கே பல கட்டமாகத் தோண்டியபோது ரோமானியக் காசுகள், தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள், கப்பல் உருவம் கீறிய ஓடு எல்லாம் கிடைத்தன. அது சங்க காலத் துறைமுகம்!

ஓடு கிடைத்தால் மட்டும் போதாது. எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் காலத்தைக் கணிக்க முடியும். ஜேசிபி ஒருமுறை அள்ளினால் அந்த அடுக்கு கலைந்துபோகும். அப்புறம் எந்த ஆய்வாலும் மீட்க முடியாது.

ஆகவே, வைகைக் கரை மேடுகளில் மண் அள்ள அனுமதி தரும் முன் தொல்லியல் ஆய்வைக் கட்டாயமாக்க வேண்டும். உங்க ஊர் மேட்டில் பழைய ஓடு தென்பட்டால் எடுத்துட்டு வராதீங்க. படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்க.