ஆடலும் அவையும்

ஆடல், காண்பாரை வேண்டி நிற்கும் கலையாகும். பாட்டைத் தனியே இருந்து பாடி மகிழலாம். ஓவியத்தைத் தீட்டி உறையிட்டு வைக்கலாம். ஆடலோ அவையின்றி நிறைவு பெறாது. இவ்வுண்மையை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். மாதவி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் அரங்கேறினாள் என்கிறது சிலப்பதிகாரம். அவ்வரங்கு எட்டுக் கோல் நீளமும், ஏழு கோல் அகலமும், ஒரு கோல் உயரமும் உடையது. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்குகள் வைக்கப்பட்டன. காண்பவர் கண்ணைக் கருதியன்றோ இத்துணை நுணுக்கம்!

கொரோனா நோய் பரவிய நாட்களில் இவ்வவை கலைந்தது. 2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில், மயிலத்திற்கு வழி பிரியும் இடத்தில் உள்ளது கூட்டேரிப்பட்டு. பங்குனி உத்திரத்திற்கு மயிலம் முருகன் மலையை நாடிச் செல்லும் அடியார் கூட்டத்தை அவ்வூர் நன்கறியும். அவ்வாண்டு உத்திரம் ஊரடங்கிற்குள் வந்தது. கோயில்களில் மக்கள் வழிபாடு நிறுத்தப்பட்டிருந்தது, காவடியாட்டத்திற்கு இடமேது? பெரியோர் ஆட்டமே நின்றுபோன காலத்தில், சிறுவரின் ஆடற்போட்டி கைபேசிக்குள் புகுந்தது.

நோய்க்கு அஞ்சிக் கூட்டத்தைத் தவிர்த்தது அறிவுடைமையே. சென்னை மியூசிக் அகாடமியும் 2020 டிசம்பர் விழாவை இணைய வழியிலேயே நடத்திற்று. கூட்டேரிப்பட்டில் வீட்டு மாடியில் ஆடும் சிறுமியைச் சென்னையிலுள்ள நடுவர் காண இயன்றதும் ஒரு நன்மைதான். கைபேசி உள்ள வீட்டுச் சிறுமிக்கு மட்டுமே அந்நன்மை என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

இனி, இழந்தது யாது? இணையத்தில் ஒலி சற்றுப் பிந்தி வரும். ஆசிரியர் தட்டும் தாளம் ஒரு கணம். குழந்தையின் கால் மறு கணம். கைபேசியை அருகில் வைத்தால் முகம் தெரியும், பாதம் மறையும். தொலைவில் வைத்தால் அரைமண்டியும் அடவும் தெரியும், கண்ணின் குறிப்பு மறையும். பிழை நேர்ந்தாலோ, அழித்துவிட்டு மீண்டும் படம் பிடிக்கலாம். இதனை வசதி என்பார் உளர். நான் குறை என்பேன். அடி தவறிய குழந்தை, அழாமல், அடுத்த தாளத்தில் காலைச் சேர்த்துக்கொள்ளும் திறனை மேடையன்றி வேறெங்கே கற்கும்?

இதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. சலங்கை கட்டித் தன் முறைக்குக் காத்திருக்கும் குழந்தை, தனக்கு முன் ஆடுவோரைக் காண்கிறது. வியக்கிறது, சிறிது பொறாமையும் கொள்கிறது, பின் கைதட்டுகிறது. பெற்றோரும் பிறர் பிள்ளையின் திறத்தை அங்கேதான் அறிகின்றனர். கைபேசிப் போட்டியில் தன் பிள்ளை ஒருத்தியே உலகம்.

கலைந்த அவை மெல்லக் கூடிற்று. 2021 அக்டோபர் 27 அன்று, இதே விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. பிள்ளைகள் சிறு குழுக்களாக அமர்ந்து பாடவும் ஆடவும் தலைப்பட்டனர். 2022ஆம் ஆண்டில் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடைபெற்றது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாகப் போட்டிகள் நிகழ்ந்தன. கைபேசி இல்லாத வீட்டுக் குழந்தையும் மேடை ஏறிற்று.

ஆனால் மேடை திரும்பியதுபோல் அவை முழுதும் திரும்பிற்றா? எனக்கு ஐயமே. தம் பிள்ளை ஆடி முடித்ததும் பையை எடுத்துக்கொண்டு எழும் பெற்றோரைப் போட்டிதோறும் காண்கிறோம். இருப்பவருள்ளும் பலர் கைபேசியை உயர்த்திப் பிடித்து, படத்தின் வழியே பார்க்கின்றனர். விழுப்புரத்துச் சிற்றூர்களில் தெருக்கூத்து விடியும்வரை நடக்கும். ஆடுவோர் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டா ஊரார் அமர்ந்திருக்கின்றனர்? போட்டியிலோ, இறுதி எண் பெற்ற குழந்தை மேடைக்கு வரும்போது நாற்காலிகள் பாதிக்குமேல் வெறுமையாகிவிடுகின்றன. அக்குழந்தையும் மற்றவரைப் போலவே ஓராண்டு பயின்று வந்ததுதான்.